அமிலச் செறிவும் பரவலும்: அகார் கட்டிச் சோதனையைப் பிசகாமல் செய்யும் முறை

காரமும் நிறங்காட்டியும் கலந்த இளஞ்சிவப்பு அகார் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருள்) கட்டியை அமிலத்தில் போட்டால் ஓரத்திலிருந்து நிறம் வெளுத்துக்கொண்டே உள்ளே போகும். அமிலத்தின் செறிவு கூடினால் வெளுப்பு உள்ளே போகும் வேகமும் கூடும். அது எவ்வளவு கூடுகிறது என்று அளப்பதுதான் இந்தச் சோதனை. பார்க்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஆய்வகத்தில் அடிக்கடி நடப்பது இரண்டில் ஒன்று: எல்லாக் கட்டியும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வெளுத்துவிடும், இல்லையென்றால் மணி அடித்த பிறகும் நடுவில் சிவப்பு அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றுதான். கட்டிக்குள் எவ்வளவு காரம் இருக்கிறது, வெளியே எவ்வளவு அமிலம் இருக்கிறது என்ற விகிதத்தைப் பார்க்காமல் கரைசல் கலக்கிவிடுகிறார்கள்.

செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பொருள் தானாக நகர்வதுதான் பரவல். இதைச் சில பாடநூல்கள் விரவல் என்று எழுதும். இரண்டும் ஒன்றே.

வெளுப்பு எதைக் காட்டுகிறது

கட்டிக்குள் அகார், சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் சிறிது, பினாப்தலீன் என்ற நிறங்காட்டி மூன்றும் இருக்கின்றன. பினாப்தலீன் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) 8.2க்குக் கீழே நிறமற்றது, 10க்கு மேலே நல்ல இளஞ்சிவப்பு. அமிலம் உள்ளே பரவப் பரவ வழியில் இருக்கும் காரத்தை நடுநிலையாக்குகிறது. ஓரிடத்தில் காரம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் அங்கே நிறம் போகும். ஆகவே வெளுப்பின் விளிம்பை ‘அமிலம் இதுவரை வந்திருக்கிறது’ என்று மட்டும் படித்தால் போதாது. ‘இதுவரை இருந்த காரத்தைத் தீர்க்கும் அளவுக்கு அமிலம் வந்துவிட்டது’ என்று படிக்க வேண்டும்.

இந்தச் சின்ன வேறுபாட்டில்தான் சோதனையின் உயிர் இருக்கிறது. அகாரில் காரம் 0.02 மோலார் (லிட்டருக்கு 0.02 மோல்) என்று வையுங்கள். வெளியே அமிலம் 0.02 முதல் 0.10 மோலார் வரை, அதாவது காரத்தைப் போல 1 முதல் 5 மடங்கு வரை இருந்தால், ஒரே நேரத்தில் வெளுப்பு செல்லும் ஆழம் கணக்குப்படி ஏறத்தாழ இரண்டு மடங்காகும். அளவுகோலில் தெளிவாகத் தெரியும் வேறுபாடு அது. அதே அகாரை 1 மோலார், 2 மோலார் அமிலங்களில் போட்டுப் பாருங்கள். அமிலம் காரத்தைப் போல 50 மடங்கும் 100 மடங்கும் இருக்கும், ஆனால் ஆழம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூடும். மூன்று நான்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைச் சாதாரண அளவுகோல் காட்டாது. ‘அடர்ந்த அமிலம் எடுத்தால் முடிவு பளிச்சென்று வரும்’ என்று நினைப்பதால்தான் எல்லாக் கட்டியும் ஒன்றுபோல வெளுக்கின்றன.

அப்படியானால் அகாரில் காரத்தையும் 0.1 மோலாருக்கு ஏற்றிவிடலாமே என்று தோன்றும். அங்கே வேறு சிக்கல் வரும். காரம் மிகையானால் பினாப்தலீன் தானாகவே மெல்ல நிறம் இழக்கும். அமிலமே படாத கட்டிகூடத் தட்டில் வைத்தபடியே வெளிறும். 0.02 மோலார் இரண்டுக்கும் நடுவில் நிற்கும் வசதியான அளவு.

அகார் தயாரிப்பு

பத்துக் குழுக்களுக்கு 500 மி.லி. போதும். தேவையானவை: அகார்த் தூள் 10 கிராம், வாலை வடிநீர் 485 மி.லி., 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 10 மி.லி., எத்தனாலில் கரைத்த 1% பினாப்தலீன் 5 மி.லி. இதில் அகார் 2%, காரம் 0.02 மோலார் என்று சரியாக வரும்.

அகார்த் தூளை முதலில் குளிர்ந்த நீரில் தூவிக் கலக்குங்கள். கொதிநீரில் கொட்டினால் கட்டிகட்டியாகத் திரண்டு, வெளியே வழவழப்பும் உள்ளே உலர்தூளுமாக நிற்கும். கலக்கிக்கொண்டே சூடாக்கிக் கொதிநிலைக்குக் கொண்டுவாருங்கள். கரைசல் தெளிந்து, கண்ணாடிக் குச்சியில் தூக்கிப் பார்க்கும்போது துகள் எதுவும் ஒட்டாமல் இருந்தால் கரைந்துவிட்டது என்று பொருள். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கட்டி ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் அமையும், பரவல் பக்கத்துக்குப் பக்கம் மாறும். மைக்ரோவேவில் செய்வதானால் பாத்திரம் பாதி காலியாக இருக்கட்டும், அரை நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துச் சுழற்றுங்கள். அகார் சட்டென்று பொங்கி வழியும், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

அடுப்பை அணைத்து 60 °செ. வரை ஆறவிடுங்கள். பினாப்தலீன் கரைசலில் எத்தனால் இருப்பதால் தீ அருகில் இருக்கும்போது அதை ஊற்றக் கூடாது. முதலில் காரம், பிறகு பினாப்தலீன். குமிழி எழாதபடி மெதுவாகக் கலக்கி, நிறம் ஒரே சீராக ஆனதும் தட்டையான தட்டில் 1.2 செ.மீ. ஆழத்துக்கு ஊற்றுங்கள். சுமார் 20 செ.மீ. சதுரத் தட்டு ஒன்று இதற்குச் சரியாக இருக்கும். மேலே மிதக்கும் குமிழிகளை உடனே குச்சியால் ஓரத்துக்குத் தள்ளிவிடுங்கள். உள்ளே மாட்டிக்கொண்ட குமிழி அமிலத்துக்குக் குறுக்குவழி, அந்தப் பக்கம் மட்டும் பள்ளமாக வெளுக்கும். அகார் 40 °செ.க்குக் கீழே இறுகத் தொடங்கும், எனவே ஊற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இறுகியதும் ஒட்டும் பிளாஸ்டிக் தாளால் காற்றுப் புகாமல் மூடிவிடுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு மேற்பரப்புக் காரத்தைத் தின்று மேல்பகுதி வெளிறிவிடும். அன்றே பயன்படுத்துவது நல்லது, முந்தின நாள் மாலை செய்ததும் பரவாயில்லை. ஒரு வாரம் பழசான தட்டில் வரும் எண்களை நம்ப முடியாது.

அமிலக் கரைசல்கள்

0.10 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் அடிப்படைக் கரைசல். 1 மோலார் அமிலம் 100 மி.லி. எடுத்து, நீரில் ஊற்றி மொத்தம் 1 லிட்டர் ஆக்கினால் அது கிடைக்கும். இந்த வேலையை ஆசிரியர் செய்துவைக்கட்டும். எப்போதும் நீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது.

ஒவ்வொரு குழுவும் 100 மி.லி. வீதம் கீழ்க்கண்டபடி கலக்கலாம்:

0.10 மோலார்: அமிலம் 100 மி.லி., நீர் இல்லை
0.08 மோலார்: அமிலம் 80, நீர் 20
0.06 மோலார்: அமிலம் 60, நீர் 40
0.04 மோலார்: அமிலம் 40, நீர் 60
0.02 மோலார்: அமிலம் 20, நீர் 80
ஒப்பீட்டுக் கரைசல்: வாலை வடிநீர் மட்டும்

இதில் அடிக்கடி நடக்கும் பிழை: 20 மி.லி. அமிலத்தோடு நீர் 100 மி.லி. சேர்ப்பது. மொத்தம் 120 ஆகி, செறிவு 0.02க்குப் பதிலாக 0.017க்கு இறங்கிவிடும். ‘100 மி.லி. ஆக்கு’ என்பதும் ‘100 மி.லி. சேர்’ என்பதும் வேறு வேறு. பிபெட்டோ பியூரெட்டோ இருந்தால் அதில் அளந்துகொள்ளுங்கள். பீக்கரில் பொறித்திருக்கும் கோடுகள் தோராயத்துக்கு மட்டுமே.

கரைசலின் பருமனும் முக்கியம். 1 செ.மீ. கனசதுரம் என்றால் 1 மி.லி. அகார், அதில் 0.02 மில்லிமோல் காரம் இருக்கிறது. 0.02 மோலார் அமிலம் 20 மி.லி. ஊற்றினால் 0.4 மில்லிமோல் அமிலம், அதாவது இருபது மடங்கு. கட்டி முழுவதையும் நடுநிலையாக்கினாலும் வெளியே செறிவு 5 விழுக்காடுதான் இறங்கும். சோதனைக்குழாயில் 3 மி.லி. மட்டும் ஊற்றிச் செய்தால் வலுக்குறைந்த அமிலம் பாதி வழியிலேயே மேலும் வலுவிழக்கும். மாறாமல் இருக்க வேண்டிய செறிவே மாறிவிட்டால் பிறகு அளப்பதில் பொருள் இல்லை. கட்டிக்கு 20 மி.லி., எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பாத்திரம்.

ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதில் கந்தக அமிலம் எடுத்தால் ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனிகளைத் தரும், 0.1 மோலார் என்று பெயர் இருந்தாலும் நடுநிலையாக்கும் திறன் இரட்டிப்பு. அசிட்டிக் அமிலத்திலும் சோதனை நடக்கும், மெதுவாக நடக்கும். ஆனால் ஒரே வரைபடத்தில் இரண்டு அமிலங்களைக் கலக்காதீர்கள். கிடைமட்ட அச்சில் பிஎச் போடுவதும் வேண்டாம், செறிவையே போடுங்கள். வலுக்குறைந்த அமிலத்தில் அயனியாகாத மூலக்கூறுகளும் உள்ளே பரவிக் காரத்தைத் தீர்க்கும், பிஎச் அவற்றைக் கணக்கில் காட்டாது.

வெட்டுதல்

இந்தச் சோதனையில் பிழை அதிகம் நுழையும் இடம் இதுதான். பக்கம் 1.0 செ.மீ. இருக்க வேண்டிய கட்டி 1.1 ஆகிவிட்டால் பருமன் 1.33 மி.லி. ஆகிறது. ஒரு மில்லிமீட்டர் தவறியதற்கு மூன்றில் ஒரு பங்கு பருமன் கூடுதல்!

கண்ணாடித் தகட்டின் அடியில் மில்லிமீட்டர் வரைபடத் தாளை வைத்து, அகார்ப் பலகையை மேலே கிடத்துங்கள். மேற்பரப்பில் இருக்கும் உலர்ந்த தோலையும், பாத்திர ஓரத்தில் ஏறி நிற்கும் வளைவையும் முதலில் சீவி எறியுங்கள். புது பிளேடால் நேர் கீழாக ஒரே அழுத்தில் வெட்டுங்கள், இழுத்து அறுத்தால் பக்கம் சரியும். எந்தக் கட்டியும் கையில் பிடித்து வெட்டுவதற்கு இல்லை. ஆளுக்கு ஒரு விரல் மிச்சம் இருக்கட்டும்.

கனசதுரம் சரியாக வரவில்லை என்றால் கார்க் துளைப்பானால் உருளைகளாகக் குத்தி எடுத்து, எல்லாவற்றையும் ஒரே நீளத்துக்கு வெட்டலாம். விட்டம் தானாகவே ஒன்றாகிவிடும், ஒரு மாறி குறையும். என் கணிப்பில் முதல்முறை செய்கிறவர்களுக்கு இதுவே தேவலை.

வெட்டிய கட்டிகளை நீரில் ஒரு நொடி அலசி, வடிதாளில் ஒற்றி எடுங்கள். வெட்டும்போது மேலே பூசிக்கொண்ட காரக் கசிவு அதில் போய்விடும். செறிவுக்கு மூன்று வீதம் ஆறு கரைசல்களுக்கு 18 கட்டிகள். ஒவ்வொன்றின் அகலத்தையும் போடுவதற்கு முன்பே அளந்து குறியுங்கள், ஏன் என்பது கீழே வரும்.

நேரமா, தூரமா?

இரண்டு விதமாக அளக்கலாம். ஒன்று, கட்டி முழுவதும் நிறமிழக்க ஆகும் நேரம். மற்றொன்று, குறிப்பிட்ட நேரத்தில் வெளுப்பு சென்ற தூரம். முதலாவதில் ‘எப்போது முடிந்தது’ என்பதில் இருவர் ஒத்துப்போக மாட்டார்கள். கடைசிச் சிவப்புப் புள்ளி மங்கி மங்கி மறைவதற்குள் ஒருவர் கடிகாரத்தை நிறுத்தியிருப்பார், இன்னொருவர் காத்துக்கொண்டிருப்பார். தூரம் அளப்பது மேல் என்பது எங்கள் கருத்து. நேரமே அளக்க வேண்டுமென்றால் 5 மி.மீ. கட்டி எடுங்கள். பரவல் ஆகும் நேரம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், பக்கம் பாதியானால் நேரம் கால்பங்காகும். பாத்திரத்துக்கு அடியில் வெள்ளை ஓடு வைத்து, முடிவை எல்லாக் கட்டிக்கும் ஒரே ஆள் தீர்மானிக்கட்டும்.

தூரம் அளக்கும் முறை இது:

1. ஆறு பாத்திரங்களிலும் 20 மி.லி. ஊற்றி, அரை மணி நேரம் ஒரே மேசையில் வைத்து ஒரே வெப்பநிலைக்கு வரவிடுங்கள். வெப்பமானியில் பார்த்துக் குறியுங்கள். ஒரு பாகை கூடினாலே பரவல் ஏறத்தாழ 2 விழுக்காடு வேகமாகும், ஆகவே சன்னல் வெயில் படும் மேசை ஆகாது.

2. கட்டிகளை ஒரே நேரத்தில் போடாமல் ஒன்றரை நிமிட இடைவெளியில் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றாக எடுக்க வேண்டிவரும், ஆறாவது கட்டியை வெட்டும்போது அதற்கு ஐந்தாறு நிமிடம் கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

3. நிமிடத்துக்கு ஒருமுறை பாத்திரத்தை ஒரே மாதிரி மெல்லச் சுழற்றுங்கள். அசையாமல் விட்டால் கட்டியை ஒட்டிய அமிலம் தீர்ந்து, அங்கே வலுக்குறைந்த படலம் நிற்கும்.

4. சரியாக 15 நிமிடம் ஆனதும் இடுக்கியால் எடுத்து, ஒற்றி, நட்டநடுவில் வெட்டி, வெட்டுமுகம் மேலே வரும்படி வரைபடத் தாளின் மேல் வையுங்கள். உடனே அளக்க வேண்டும். வெளியே எடுத்துவிட்டாலும் பரவல் நிற்காது, ஓரத்தில் ஏறிய அமிலம் இன்னும் உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கும்.

5. ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடைத் துடையுங்கள். இல்லையென்றால் ஓரத்து அமிலம் பிளேடோடு இழுபட்டு நடுச்சிவப்பில் வெள்ளைக் கீறல் போடும்.

அளக்கும்போது வெளுத்த ஓரத்தை நேராக அளக்காதீர்கள். 2 மி.மீ. ஓரத்தை அரை மில்லிமீட்டர் தவறாகப் படித்தால் பிழை 25 விழுக்காடு. அதற்குப் பதில் நடுவில் மிஞ்சிய சிவப்பின் அகலத்தை அளந்து, கட்டியின் முதல் அகலத்திலிருந்து கழித்து, இரண்டால் வகுங்கள். கட்டி 10 மி.மீ., சிவப்பு 5.5 மி.மீ. என்றால் மிச்சம் 4.5, பாதி 2.25 மி.மீ. அகலத்தைப் படிப்பதில் நேரும் பிழையும் இதில் பாதியாகிவிடும். கட்டியை முன்பே அளக்கச் சொன்னது இதற்காகத்தான். கைப்பேசியில் நேர்மேலிருந்து படம் எடுத்து, தாளின் கட்டங்களை வைத்துப் பெரிதாக்கி அளப்பது இன்னும் நல்லது.

ஒன்று கவனிக்க வேண்டும். கட்டியின் அடிப்பக்கம் பாத்திரத்தில் ஒட்டிக் கிடந்தால் அங்கே அமிலம் சரியாகப் போகாது, சிவப்பு கீழ்நோக்கி ஒதுங்கி நிற்கும். எந்தப் பக்கம் அடியில் இருந்தது என்று நினைவில் வைத்து, இடவலமாக மட்டும் அளந்தால் இந்தக் குறை தொடாது.

25 °செ. அளவில் 0.02 மோலாரில் 1.5 மி.மீ. சுற்றியும், 0.10 மோலாரில் 3 மி.மீ. சுற்றியும் வர வேண்டும் என்பது கணக்கு. வெறும் நீரில் போட்ட கட்டியில் கூர்மையான விளிம்பு தெரியாது. காரமும் நிறங்காட்டியும் மெல்லக் கசிவதால் நீர் லேசாகச் சிவக்கும், கட்டியின் ஓரம் சற்று மங்கும். அந்தக் கட்டி வீண் அல்ல, மற்றவற்றில் ஏற்பட்ட வெளுப்பு அமிலத்தால்தான் என்று சொல்ல அதுவே சான்று.

எண்களை வைத்து என்ன செய்வது

மூன்று கட்டிகளின் சராசரியை எடுங்கள். ஒன்று மட்டும் மற்ற இரண்டிலிருந்து வெகுதூரம் விலகினால் உடனே அடித்துவிடாமல் அந்தக் கட்டியை மறுபடி பாருங்கள். பெரும்பாலும் குமிழியோ சரிந்த வெட்டோ தென்படும். காரணத்தை எழுதிவிட்டு நீக்கலாம், காரணம் தெரியாவிட்டால் இன்னொரு கட்டி போடுவதுதான் முறை.

கிடைமட்ட அச்சில் செறிவு, நிலைக்குத்து அச்சில் தூரம். வரும் கோடு நேர்கோடு அல்ல, ஏறிக்கொண்டே மெல்லத் தட்டையாகும் வளைவு. அளவுகோல் வைத்து நேர்கோடாக இழுத்துவிடுவது வழக்கமான தவறு. ‘செறிவு இரட்டித்தால் பரவல் இரட்டிக்கும்’ என்று முடிவெழுதினால் உங்கள் எண்களே அதை மறுக்கும். நேரம் அளந்தவர்களுக்கு 0.02 மோலாரில் ஆகும் நேரம் 0.10 மோலாரில் ஆவதைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வரும். அவர்கள் 1000ஐ நொடிகளால் வகுத்து அதை வேகமாகக் குறிக்கலாம்.

தூரத்தை 15 நிமிடத்தால் வகுத்து வேகம் என்று எழுதுவதில் ஒரு பொறி உண்டு. வெளுப்பு ஒரே வேகத்தில் போவதில்லை, தொடக்கத்தில் விரைவாகவும் உள்ளே போகப்போக மெதுவாகவும் போகும். நேரம் நான்கு மடங்கானால்தான் தூரம் இரண்டு மடங்காகும். எனவே 15 நிமிடச் சராசரியை 5 நிமிடம் செய்த குழுவின் சராசரியோடு ஒப்பிட்டால் ஐந்து நிமிடக்காரர்களின் அமிலம் வேகமானது போலத் தோன்றும்.

விளக்கம் எழுதும்போது அடால்ஃப் ஃபிக் 1855இல் சொன்ன விதியிலிருந்து தொடங்குங்கள்: பொருள் கடக்கும் வீதம், தூரத்துக்கு ஏற்பச் செறிவு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறதோ அதற்கு நேர்விகிதத்தில் இருக்கும். வெளியே செறிவு கூடினால் சரிவு செங்குத்தாகும், நொடிக்கு அதிக அயனிகள் உள்ளே வரும், ஒவ்வொரு படலத்துக் காரமும் சீக்கிரம் தீரும். ‘அமில அயனிகள் வேகமாக ஓடின’ என்று எழுதக் கூடாது, ஒவ்வொரு அயனியும் ஓடும் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது, கூடியது எண்ணிக்கைதான். இது சவ்வூடுபரவலும் (சவ்வு வழியே நீர் நகர்வது) அல்ல, கட்டியைச் சுற்றிச் சவ்வு எதுவும் இல்லை. உயிருள்ள செல்லோடு ஒப்பிடும்போது அந்தக் குறையைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே வேலை செய்யுங்கள். 0.1 மோலார் அமிலத்தால் பெரிய ஆபத்து இல்லை, கண்ணில் பட்டால் மட்டும் உடனே நீரால் நன்றாகக் கழுவ வேண்டும். அகாருக்குச் சேர்க்கும் 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடுதான் தோலையும் கண்ணையும் அரிக்கும், அதை மாணவர் கையில் கொடுக்க வேண்டியதில்லை. முடிந்ததும் அமிலத்தை நிறைய நீர் விட்டுத் தொட்டியில் ஊற்றலாம். அகார் துண்டுகளையும் உருகிய மிச்சத்தையும் தொட்டியில் போடாதீர்கள், குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும். பழைய தாளில் சுற்றிக் குப்பையில் சேருங்கள்.